பால்வாடிப் பந்தியில் ஊட்டும் கை யாருடையது?

இரண்டு வயதுக் குழந்தைக்குச் சோறு போடுவது எவ்வளவு பெரிய வேலை என்பது, பகல் பதினொன்றரை மணிக்கு ஓர் அங்கன்வாடி மையத்தில் போய் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தட்டில் சோறு விழுந்ததும் இரண்டு கையாலும் அளையும். பாதி வாய்க்குப் போகும், பாதி சட்டையில் ஒட்டும். வாயில் வைத்ததை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கும். பக்கத்துப் பிள்ளையின் தட்டில் கை போடும். நடுவில் எழுந்து ஓடும். திடீரென்று புரையேறிக் கண் கலங்கும். அப்போது யாராவது முதுகைத் தட்ட வேண்டும், மூக்கைத் துடைக்க வேண்டும், துப்பியதைக் கையில் ஏந்த வேண்டும், மிச்சச் சோற்றைக் குழையப் பிசைந்து சிறு உருண்டையாக வாயில் வைக்க வேண்டும். எச்சில் படாமல் இந்த வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டவே முடியாது.

சாதியோ எச்சிலையும் தீட்டையும் வைத்துக் கட்டப்பட்ட ஏற்பாடு. யார் கையால் யார் வாங்கலாம், யார் தொட்டதை யார் தின்னலாம் என்பதுதான் அதன் அன்றாடச் சட்டம். ஐந்தாம் வகுப்புப் பையனுக்குத் தூரத்தில் நின்று கரண்டியால் போட்டுவிட்டுப் போய்விடலாம். அவன் தானே அள்ளித் தின்றுவிடுவான், பாகுபாடு நடந்தது வெளியே தெரியாது. பால்வாடியில் அந்த வசதி கிடையாது. தொட்டால்தான் பிள்ளை சாப்பிடும், தொடாவிட்டால் பசியோடு எழுந்துவிடும். அதனால்தான் பால்வாடிப் பந்தியைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம்.

சோறு கிடைக்கிறதா என்ற கேள்வியோடு நம் பத்திகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதற்குக் காரணமும் உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்கும் மதியச் சோறு என்பது தமிழ்நாட்டில் நடைமுறையானது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயதுக் குழந்தை வரை வயதுக்கேற்ற உணவை அங்கன்வாடி மூலம் இலவசமாகப் பெறுவதை உரிமையாக்கியது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது அதன் அட்டவணை சொன்னது. கலவை சாதம், முட்டை, பயறு, உருளைக்கிழங்கு எல்லாம் மையத்துக்கு வருகின்றன. குறைகள் உண்டு, ஆனால் வருகின்றன. இத்தனையும் போராடிப் பெற்றவை. அவற்றை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் இத்தனை கணக்கிலும் ஒரு வினை மட்டும் இல்லை. 'வழங்குதல்' இருக்கிறது, 'ஊட்டுதல்' இல்லை. பதிவேட்டில் குழந்தை உண்டது என்று ஏறிவிடுகிறது. தட்டில் எவ்வளவு மிஞ்சியது, எத்தனை வாய் உள்ளே போனது, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. சாதி அந்தக் கட்டமில்லாத இடத்தில்தான் புகுந்து வேலை செய்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் நாம் போய்ப் பார்த்த மையங்களில் கண்டவற்றை எழுதுகிறோம். ஊர்ப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். எழுதினால் தொல்லை அங்கே வேலை செய்யும் பெண்களுக்குத்தான் வரும்.

முதலில் தட்டு. பல மையங்களில் பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவருகிறார்கள். மையத்தில் தட்டு போதவில்லை, கழுவ ஆளில்லை, தண்ணீர் இல்லை என்று காரணம் சொல்கிறார்கள். சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் ஊர்த் தெருவும் காலனியும் சேர்ந்து வரும் மையங்களில் இந்த ஏற்பாடு எவ்வளவு சிரமமில்லாமல் தங்கிவிட்டது என்று கவனியுங்கள். மையத்தின் தட்டு என்றால் நேற்று காலனிப் பிள்ளை தின்ற தட்டில் இன்று ஊர்ப் பிள்ளை தின்ன வேண்டிவரும். வீட்டுத் தட்டு என்றால் அந்தச் சிக்கலே இல்லை. தனித் தட்டு வை என்று யாரும் வாய் திறந்து சொல்லாமலேயே தனித் தட்டு வந்துவிட்டது. டீக்கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்து வழக்குப் போட்டோம், மறியல் செய்தோம். பிள்ளையின் பையிலேயே வீட்டிலிருந்து வரும் இந்த இரட்டைத் தட்டை என்ன செய்வது?

அடுத்தது உயரம். சாதத்தைக் கரண்டியில் எடுத்து, குனியாமல், தட்டுக்கு ஒரு முழம் மேலே இருந்து கொட்டுவது. பார்ப்பதற்கு அவசரம் போலத்தான் இருக்கும். ஆனால் அதே கை இன்னொரு பிள்ளையின் தட்டருகே குனிவதையும் நாம் பார்த்தோம். அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் படித்த காலத்தில், பள்ளிக்கூடக் குழாயைத் தானே தொட்டுத் திறக்க முடியாமல், பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்று இருந்ததைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. அவருக்காவது அப்போது நடப்பதைப் புரிந்துகொள்ளும் வயது இருந்தது. இரண்டரை வயதுக் குழந்தைக்கு எதுவும் புரியாது. கை நீட்டும், கை கிடைக்காது, சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போய்விடும். மாதாந்திர எடை பார்க்கும் நாளில் பிள்ளை எடை குறைவு என்று வரும். தாய்க்குத்தான் புத்தி சொல்லி அனுப்புவார்கள்.

பிறகு கழுவிவிடுவது. சாப்பிடும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைக்குக் கையைப் பிடித்து விரலிடுக்கில் தேய்த்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கு நடுவில் மலம் கழித்துவிட்டால் கால் கழுவிவிட வேண்டும். காலனிப் பிள்ளைக்கு இதைச் செய்ய அதன் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பும் மையத்தைப் பார்த்தோம். அக்காவுக்கு எட்டு வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. தம்பிக்குக் கால் கழுவ வகுப்பிலிருந்து எழுந்து வருகிறாள்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டோம். மரக்காணம் பக்கத்தில் ஒரு மையத்தில், வேறு சாதியைச் சேர்ந்த வயதான ஆயாம்மா ஒருவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சுற்றிலும் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரே குண்டானிலிருந்து உருட்டி உருட்டி வரிசையாக ஆறு வாய்க்கும் ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை துப்பியதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த உருண்டையை உருட்டினார். யார் எந்தத் தெரு என்று கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டது நம் தவறுதான்.

பிரச்சினையின் மறுபக்கம் இன்னும் கடுமையானது. ஊட்டும் கை தலித் பெண்ணின் கையாக இருந்தால் என்ன ஆகிறது? ஊர்த் தெருவிலுள்ள மையத்துக்குக் காலனியிலிருந்து ஒரு பெண் உதவியாளராக வருகிறார். யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஆனால் பதினொன்றரை மணிக்குத் தாய்மார்களும் பாட்டிமார்களும் ஒவ்வொருவராக வந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளுமாம். மூன்று மணிக்கு மறுபடி கொண்டுவந்து விடுகிறார்கள். முட்டையை மட்டும் ஓட்டோடு வாங்கிக்கொள்கிறார்கள். ஓட்டுக்குள் இருக்கும் வரை முட்டைக்குத் தீட்டு இல்லை போலும். வெந்த சோறும் குழம்பும் மிஞ்சுகிறது, பதிவேட்டில் எல்லாப் பிள்ளையும் உண்டதாக ஏறுகிறது.

கொஞ்ச நாள் இப்படிப் போகும். பிறகு ஊர்ப் பெரியவர்கள் சிலர் வட்டாரத்துக்குப் போய்ப் பேசுவார்கள். வருகை குறைந்துவிட்டது, மையத்தையே மூடும்படி ஆகிவிடும் என்பார்கள். நிர்வாக வசதிக்காக அந்தப் பெண் காலனி மையத்துக்கு மாற்றப்படுவார். கோப்பில் சாதி என்ற சொல்லே இராது.

இது நம் கற்பனை அல்ல. 2017இல் மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் வலையபட்டியில் அங்கன்வாடிக்கு நியமிக்கப்பட்ட இரண்டு தலித் பெண்கள், ஊரில் எதிர்ப்பு எழுந்ததும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பும் அளவுக்கு அது போனது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அரசுப் பள்ளிச் சமையலர் பாப்பாள் அருந்ததியர் என்பதற்காக எதிர்ப்புக் கிளம்பியபோதும் அதிகாரிகள் முதலில் கையில் எடுத்தது மாற்றல் உத்தரவைத்தான். போராட்டம் நடந்த பிறகுதான் அது ரத்தானது. வழக்கு 2025 நவம்பர் வரை இழுத்து, ஆறு பேருக்கு இரண்டாண்டுத் தண்டனையில் முடிந்தது. 2023 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் விரிவான கையோடு, கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் அதே கதை. அங்கே ஆட்சியரும் அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது நல்ல காரியம், நாம் பாராட்டினோம். ஆனால் பள்ளிக்கூடத்தில் நடந்தது வெளியே தெரிந்தது, பால்வாடியில் நடப்பது தெரிவதில்லை. சின்னப் பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு போவதை யார் குற்றம் என்பார்கள்?

மாற்றல் என்பது தீர்வே அல்ல. யார் மீது குற்றம் நடந்ததோ அவருக்கே தண்டனை தருவது அது. பணியில் சேர்ந்த ஊரிலேயே இருக்க உரிமையுள்ள பெண், வெயிலில் நாலு கிலோமீட்டர் நடந்து வேறு மையத்துக்குப் போகிறார். தொகுப்பூதியத்தில் பஸ் செலவு போகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிறருக்கு உரிமையுள்ள எந்த வேலையையும் பட்டியல் சாதியினர் செய்யவிடாமல் தடுப்பதையும், சமூகப் புறக்கணிப்பு செய்வதையும் தனித்தனிக் குற்றங்களாகச் சொல்கிறது. பட்டியல் சாதியினர் அல்லாத அரசு ஊழியர் அந்தச் சட்டப்படி தாம் செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் அவருக்கும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. மாற்றல் கேட்டு வரும் மனுவைப் புகாராகப் பதிய வேண்டியவர்கள் அதையே உத்தரவாக மாற்றிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இந்தத் தூக்கிக்கொண்டு போகும் சடங்கில் நமக்குப் பெரிய வருத்தம் வேறொன்று. அந்தப் பிள்ளைக்குத் தீட்டுத் தெரியாது. இரண்டு வயதில் எந்தக் குழந்தைக்கும் தெரியாது. ஒரு மையத்தில் ஊர்த் தெருச் சிறுமி ஒருத்தி தன் தட்டிலிருந்து சோற்றை அள்ளிப் பக்கத்திலிருந்த காலனிப் பையன் வாயில் திணித்தாள். அவனும் மென்றான். பிறகு அவன் கடித்த முட்டையில் பாதியை அவளுக்குக் கொடுத்தான், அவளும் வாங்கித் தின்றாள். வாசலில் நின்ற பாட்டி பார்த்துவிட்டு ஓடிவந்து, சிறுமியின் வாயில் விரலை விட்டுத் துழாவி முட்டையை வெளியே எடுத்தாள். முதுகில் ஓர் அடி. குழந்தை வீறிட்டு அழுதது. எதற்கு அடி விழுந்தது என்று அன்று அதற்குப் புரிந்திருக்காது. ஆனால் மறுநாள் அந்தப் பையன் பக்கம் அது உட்காரவில்லை. சாதியைப் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாயிலிருந்து ஒரு கவளத்தை ஒரு தடவை பிடுங்கினால் போதும்.

தமிழ்நாட்டுப் பொதுவாழ்வு பந்தியைச் சின்ன விஷயமாக எப்போதும் நினைத்ததில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதுதான் 1924, 25இல் காங்கிரசையே உலுக்கியது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை விடவில்லை. காங்கிரஸ் பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப் பந்தியா என்பதுதான் அன்றைய கேள்வி. இன்று ஒவ்வொரு சுதந்திர நாளிலும் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது, அமைச்சர்கள் இலை போட்டு உட்காருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு பகல் பெரியவர்களுக்கு அது நடக்கிறது. ஞாயிறு தவிர ஒவ்வொரு பகலும் அரசு செலவில் பால்வாடியில் நடக்கும் பந்தியை யார் பார்க்கிறார்கள்?

இங்கே நமக்குள் ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் தந்த உத்தரவு, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் விரைவில் அங்கன்வாடி அமைக்கச் சொன்னது. 2006 டிசம்பரில், ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் இருந்தால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்றது. அந்த உத்தரவுகளைக் காட்டிக் காட்டித்தான் பல காலனிகளுக்கு மையம் வாங்கினோம். ஊர் மையத்துக்குள் நம் பிள்ளை நுழையவே முடியாத இடங்களில் வேறு வழியில்லை. இரண்டு வயதுப் பிள்ளை தார்ச்சாலையைத் தாண்டி ஊருக்குள் போய்வரவும் முடியாது. அந்தக் கோரிக்கையை நாம் இன்றும் திரும்பப் பெறவில்லை. ஆனால் அதன் விளைவாக ஊருக்கு ஒரு பந்தி, காலனிக்கு ஒரு பந்தி என்று ஆகிவிட்டது. ஊர் மையம் காலியாகக் கிடந்தாலும் காலனிப் பிள்ளை அங்கே சேர்க்கப்படுவதில்லை. உங்களுக்குத்தான் தனி மையம் இருக்கிறதே என்ற பதில் தயாராக இருக்கிறது. காலனி மையம் ஓட்டை ஓடும் வாடகைக் கட்டடமுமாக இருந்தால் அதைச் சரி செய்யாமல் இருப்பதற்கு ஊர் மையம் ஒருபோதும் தடையாவதில்லை. காலனி மையம் வேண்டும். அதோடு இரண்டு மையத்திலும் எந்தத் தெருப் பிள்ளையும் சேரலாம் என்பது பலகையில் எழுதப்பட வேண்டும், நடக்கவும் வேண்டும்.

நம் காலனிகளையும் விட்டுவிட முடியாது. திண்டிவனம், செஞ்சி பக்கங்களில் இருளர் குடும்பங்கள் ஏரிக்கரையிலும் காலனி ஓரத்திலும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் மையத்துக்கு வந்தால் நம் பெண்களே மூக்கைச் சுளிப்பதை நாம் கண்டிருக்கிறோம். குளிக்கவில்லை, சளி ஒழுகுகிறது, கடைசியில் உட்காரு என்கிறார்கள். புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கும் இதே நிலை. ஊர்த் தெருவிடம் நாம் கேட்கும் கேள்வியை இருளர் தாய் நம்மிடம் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? பெரும்பாலும் அவள் கேட்பதில்லை. பிள்ளையை மையத்துக்கு அனுப்பாமல் விட்டுவிடுகிறாள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும்போது கூடவே தூக்கிக்கொண்டு போகிறாள்.

இரண்டு வயதுக்கும் குறைந்த குழந்தைகளின் கதை தனி. அவர்களுக்கு மையத்தில் சோறு கிடையாது, சத்துமாவுப் பொட்டலம்தான் வீட்டுக்கு வரும். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவு தொடங்க வேண்டும், இரண்டு வயதுக்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, இடையில் சிறு தீனி. இந்தக் கணக்கைக் களை எடுக்கப் போகும் தாய் எப்படிச் செய்வாள்? காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடுகிறது. பிள்ளை பாட்டியிடமோ ஏழு வயது அக்காவிடமோ இருக்கிறது. சத்துமாவைத் தண்ணீராகக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். வயிறு நிறையும், சத்து சேராது. கூழ் கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் ஒட்டி நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் நல்லது. காலனி வீடுகளில் இதைச் சொல்லிக் காட்ட ஆள் வருவது அபூர்வம். வாசலில் நின்று பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, செயலியில் பதிவு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுப்படி வரை வந்து கிளறிக் காட்டுவதற்குக் காலனி வீட்டுக்குள் கால் வைக்க வேண்டுமே.

நூறு நாள் வேலைச் சட்டம் 2005இல் வந்தபோதே, வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்று எழுதப்பட்டது. நம் ஏரிக்கரைகளில் அந்தப் பெண்ணைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மரத்தில் புடவைத் தூளிதான் தொங்கியது. தாய்க்குப் பத்து நிமிஷம் ஓய்வு கிடைத்தபோது ஓடிவந்து பால் கொடுத்தாள்.

பணியாளர்கள் மீதே எல்லாப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், இருபது பிள்ளைகள். அதில் ஏழெட்டு மூன்று வயதுக்குக் கீழே. உதவியாளர் காலையில் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். பல இடங்களில் இரண்டு பணியிடங்களில் ஒன்று காலி. சாப்பாட்டு நேரத்தில் பணியாளர் கையில் செல்போன் இருக்கிறது, போட்டோவும் வருகைப் பதிவும் ஏற்றியாக வேண்டும். நெட்வொர்க் கிடைக்க வாசலுக்கும் மாமரத்துக்கும் நடக்கிறார். குழந்தை தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. யாருக்கு ஊட்டுவது, யாரை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் ஒருவரை நிறுத்தினால் அவர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சாதிதான் முடிவு செய்யும். ஆள் பற்றாக்குறை எல்லாப் பிள்ளைக்கும் பொது என்று சொல்வார்கள். அந்தப் பற்றாக்குறையில் கடைசி வாய் யாருக்கு என்பதும் பொதுவா?

சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சோறு போட வேண்டும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பிள்ளையின் முகத்துக்கு நேரே, அதே தரையில் உட்கார வேண்டும். பேசிக்கொண்டே கொடுக்க வேண்டும். வாயைத் திறந்து கேட்கும்போது கொடுத்து, தலையைத் திருப்பினால் நிறுத்த வேண்டும். அதட்டியோ மூக்கைப் பிடித்தோ திணிக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேல் தானே அள்ளித் தின்னவும் விட வேண்டும், சிந்தினால் சிந்தட்டும். முட்டையை முழுதாகத் தராமல் மசித்துச் சோற்றில் பிசைய வேண்டும். முழுக் கொண்டைக்கடலை இந்த வயதுக்கு ஆபத்து, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும், நசுக்கித்தான் தர வேண்டும். இதெல்லாம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான். மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றைக்கூட எட்டி நின்று செய்ய முடியாது என்பதை மட்டும் நாம் சேர்த்துச் சொல்கிறோம்.

நம் கேட்பு பெரிதல்ல. ஒவ்வொரு மையத்திலும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டும் டம்ளரும் மையத்திலேயே இருக்கட்டும். வீட்டுத் தட்டு உள்ளே வரக் கூடாது. கழுவத் தண்ணீருக்கு ஊராட்சி பொறுப்பேற்கட்டும். பணியாளரும் உதவியாளரும் பிள்ளைகளோடு அதே சோற்றை அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். இப்போது ருசி பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கத்தைவிட அது சுலபம். பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை செயலியில் எதையும் ஏற்றச் சொல்லக் கூடாது. காலிப் பணியிடங்களை நிரப்பும்போது ஊர் மையங்களுக்குத் தலித் பெண்களையும் இருளர் பெண்களையும் அனுப்ப வேண்டும், அனுப்பியவர்களை ஊர் கேட்டது என்று திரும்ப எடுக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் கூட்டமாக வெளியேறும் மையம் எது என்று வட்டார அளவில் கணக்கெடுப்பது ஒரு வாரத்து வேலை. அந்தக் கணக்கு இருந்தால் எங்கே என்ன நடக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். கொலை, தீவைப்பு, இழப்பீட்டுத் தொகை என்று அதன் முன் கனமான கோப்புகள் வருகின்றன. பால்வாடிச் சாப்பாடு இதுவரை அங்கே பேசப்பட்டதாக நமக்குத் தெரிந்த உறுப்பினர்கள் யாரும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் அதை ஒரு வரியாகச் சேர்க்கும்படி குழுவின் உறுப்பினர்களை எழுத்தில் கேட்டிருக்கிறோம். வாசகர்கள் தங்கள் ஊர் மையத்தில் ஒரு பகல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்டதை இந்தப் பத்திக்கு எழுதுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். சேர்ந்து தரையில் உட்காருங்கள்.